கணக்கறிந்து கடன் தீர்ப்போம்!

கல்விக்குக் கடன் பெறுவது இழிவன்று. பெற்ற கடனின் கணக்கை அறியாதிருப்பதே இழிவு. ஈடின்றி 4 இலக்கம் உருபா வரை கிடைக்கும் என்றவுடன் தந்தையும் மகனும் கூட்டாகக் கையொப்பமிடுகின்றனர். பணம் கைக்கு வந்த அன்றே வட்டியும் ஏறத் தொடங்கிவிடுகிறது என்பதை எத்துணைப் பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

படிக்குங் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை என்பது வைப்பகங்களின் பொது ஏற்பாடு. அவ்விடுப்பு தவணைக்கே அன்றி வட்டிக்கன்று. ஆண்டுத் தொடக்கந்தோறும் ஓர் இலக்கமாக, நான்காண்டுகளில் 4 இலக்கம் பெற்றதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து. தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் ஐந்தாம் ஆண்டின் இறுதியில் 1,40,000 உருபா வட்டி சேர்ந்திருக்கும். அது முதற்றொகையோடு சேர்ந்து, கடன் 5,40,000 உருபாவாக நிற்கும்.

இதனைப் பத்தாண்டுகளில் தீர்க்கத் திங்கள்தோறும் 7,136 உருபா கட்டவேண்டும். தொடக்கத் தவணையில் 4,500 உருபா வட்டிக்கே போய்விடும். முதற்றொகையிற் குறைவதோ 2,636 உருபாதான்! "கட்டிக்கொண்டே இருக்கிறோம், கடன் குறையவில்லையே" என்னும் பெற்றோரின் புலம்பலுக்குக் காரணம் இதுவே.

விடிவு இல்லாமலில்லை. திங்களுக்கு 1,000 உருபா கூடுதலாகக் கட்டினால், 120 திங்கட் கடன் ஏறத்தாழ 97 திங்களில் தீரும். வட்டியில் 66,000 உருபாவுக்கு மேல் மிஞ்சும். கூடுதற்றொகை முழுதும் முதற்றொகையைக் குறைப்பதே இதன் பொருள். ஆகவே அதனை முதற்றொகையிற் கழிக்குமாறு எழுத்தில் கேளுங்கள். தவணையைக் குறைக்காமற் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மாறும் வட்டியில் தனியாள் பெற்ற கடனை முன்னதாகத் தீர்ப்பதற்கு வைப்பகங்கள் ஒறுப்புக் கட்டணம் பெறலாகாதென 2014-இலேயே இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமேனும் கட்ட இயன்றோர் கட்டிவருக. 1,40,000 உருபாச் சுமையிற் பெரும்பகுதி ஏறாது. இயலாத ஏழையர், அரசின் வட்டியுதவி தம் படிப்புக்கு உண்டா என்பதை முன்பே கேட்டறிக. கல்விக்கடனை அடைக்கக் கந்துவட்டிக்காரனிடம் போவது மட்டும் வேண்டா.

இளைஞர்களே! வேலை கிடைத்ததும் ஊர்திக்கும் உடைக்கும் புதுக்கடன் தேடாதீர்கள். உங்கள் தவணை தவறினால் கூட்டுக் கையொப்பமிட்ட தந்தையே பொறுப்பாளி. முதற் சம்பளத்திலேயே அவர் தோட்சுமையை இறக்கத் தொடங்குங்கள். கற்ற கல்விக்கு அதுவே முதற் பயன்!