ஊர் அமைப்பும் ஊரார் உரிமையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியன் என்ற முறையிற் பழந்தமிழ் இலக்கியத்திலிருந்தோ சமய நூலிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நானோ ஒரு பஸ் தரிப்பிடத்தைப் பற்றி எழுதப் புகுகின்றேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

ராகலைக்கு அண்மையில், தோட்டப் பாதையொன்று பெருந்தெருவோடு வந்து கூடும் இடத்திற் சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தரிப்பிடம் கட்டப்பெற்றது. கூரையும் இருக்கையும் பெயர்ப்பலகையும் செவ்வனே அமைந்தன. திறப்பு விழாவும் மாலை மரியாதைகளுடன் இனிது நடந்தேறியது. குறை ஒன்றே ஒன்றுதான். பஸ் அங்கே நிற்பதில்லை. இறக்கத்தில் வளைவு முடியும் இடமாதலால் அங்கு நிறுத்தச் சாரதிகள் அஞ்சுகின்றனர். நூறு யார் அப்பாற் சவுக்கு மரத்தடியிலேதான் அது எந்நாளும் நின்றது, இன்றும் நிற்கின்றது. ஆகவே எம் மாணவர் சவுக்கு மரத்தடியில் நனைந்துகொண்டிருக்க, தரிப்பிடத்தில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கியிருக்கின்றன. அதனைக் கட்டுவித்தவர் யாவர் என்பது ஈண்டு வேண்டற்பாலதன்று. கட்டுமுன்னர் அவ்வழியே கொழுந்துக் கூடையோடு செல்லும் ஒருத்தியை நிறுத்தி, "அக்கா, பஸ் எங்கே நிற்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அத்தனை சீமெந்தும் பயன்பட்டிருக்கும். கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அத்தோன்றாமையே என் கட்டுரைப் பொருள்.

ராகலை தன் விருப்பப்படி தன்னை அமைத்துக்கொண்ட ஊரன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த சிறு புகையிரதப் பாதை தேயிலைக்காக இடப்பட்டது. 1940களில் அது கைவிடப்பட்டபோதும் மக்களைக் கேட்டு ஒருவரும் கைவிடவில்லை. லயம் எங்கே, பிள்ளைக் காம்பரா எங்கே, கொழுந்து மடுவம் எங்கே, பீலி எங்கே என்பவற்றை எல்லாம் தேயிலையின் வசதியே தீர்மானித்தது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கை மாறிய ஒவ்வொரு முறையும் துரை மாறினாரேயன்றி, லயத்தின் வாசலில் நின்று கருத்துக் கேட்கும் வழக்கம் உண்டாகவில்லை.

இன்றைய ராகலையோ வேறு. கடைத்தெரு நீண்டுவிட்டது. மரக்கறி லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் பெருகிவிட்டன. செக்றோலிற் பெயரில்லாத குடும்பங்கள் தோட்டங்களிலேயே பல உள. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே தெருவைப் பயன்படுத்துகின்றனர். இவ்வாறு வளரும் ஓர் ஊருக்குச் சந்தையும் விளையாட்டிடமும் மலசலகூடமும் மயானப் பாதையும் எங்கெங்கே அமைதல் வேண்டும் என்பதைத் தொலைவிலிருந்து வரைபடம் பார்த்து முடிவு செய்தல் இயலாது. மூடுபனி எந்த வளைவில் மாலை நான்கு மணிக்கே இறங்கும் என்பதை வரைபடம் சொல்லாது.

நிற்க. ஒரு முறை பத்தாந்தர மாணவர்க்கு, 'எமது ஊருக்கு வேண்டுவன' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு கூறினேன். பாடநூலிற் பயின்ற சொற்றொடர்களே வரும் என எதிர்பார்த்தேன். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன என்பது உண்மை. ஆயினும் அன்றிரவு அவற்றைத் திருத்த அமர்ந்த நான் சிவப்பு மையை மறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். பூங்கா வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் உள்ள பாதையில் ஒரே ஒரு விளக்கு வேண்டும் என்று ஐந்து மாணவியர் தனித்தனியே எழுதியிருந்தனர். மாலை வகுப்பு முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அவ்விடத்தை ஓடிக் கடக்கின்றனராம். புதிய வீட்டுத் தொகுதியிற் குடியிருக்கும் மாணவன் ஒருவன், தன் அப்பாயி இறந்தபோது பிரேதப் பெட்டியைத் திருப்புவதற்குப் பாதையில் இடம் போதாமையாற் பக்கத்து வீட்டு வேலியைப் பிரித்தார்கள் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தான். லயத்திலேனும் பிரேதத்தை வைத்து ஊரார் கூடி அழ ஒரு நீண்ட வாசல் இருந்தது. தனிவீடு எமக்குக் கிடைத்த பெரும்பேறு. அதிற் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அத்தொகுதியின் வரைபடத்திலே மக்கள் இறப்பார்கள் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"இவர்களைக் கூட்டிக் கேட்டால் சண்டையே மிஞ்சும், சங்கத்துக்குச் சங்கம் இழுப்பார்கள், முடியாதவற்றையே கேட்பார்கள்" என்று கற்றோர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். அவர்கள் நம் மாரியம்மன் திருவிழாவை ஊன்றிப் பார்த்தவர் அல்லர் போலும். சம்பளத்தில் மாதந்தோறும் கோயிற் சந்தா பிடித்தம் செய்து, தலைவர்மார் கூடிக் கணக்குப் பார்த்து, தேர் எந்த வளைவிலே திரும்பும், எந்த லயத்தார் எந்நேரத்திற் பூசைத்தட்டு எடுப்பார், அன்னதானத்துக்கு விறகும் தண்ணீரும் எங்கிருந்து வரும், வெளித்தோட்டத்து உறவினர் எங்கே உறங்குவர் என்பவற்றையெல்லாம் ஒரு பொறியியலாளரின் துணையுமின்றித் திட்டமிடுவோர் இம்மக்களே. சண்டை வருவதுண்டு, நானே விலக்கிவிட்டிருக்கின்றேன். எனினும் தேர் ஓடாத ஆண்டு எதுவும் என் நினைவில் இல்லை. காமன் கூத்துக்கென ஒதுக்கிய பொட்டலை யார் அளந்து தந்தார்? சாய்வும் ஈரமும் பார்த்து, பார்ப்போர் நிற்க மேடும் ஆடுவோர்க்குச் சமனும் அமைந்த இடத்தை நம் முன்னோரே தேர்ந்தெடுத்தனர்.

ஊர்க் காரியத்தை ஊரவரே நடத்துதல் தமிழர்க்குப் புதிதன்று என்று மேடைதோறும் முழங்குகின்றோம். உத்திரமேரூர்க் கல்வெட்டை உடனே சான்று காட்டுகின்றோம். நானும் வகுப்பிற் காட்டியவன்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து, ஆண்டு வாரியமும் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் அமைத்த முறையை விரித்துரைக்கின்றன. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய விதி இன்றைக்கும் வேண்டப்படுவதே. ஆனால், மேடைகளில் நாம் சொல்லாது விடும் விதியும் ஒன்று உண்டு. கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையிலே கட்டிய வீடும் உடையவனுக்கே அக்குடத்தில் ஓலை. காணியில்லாதவன் பெயரை அச்சிறுவன் ஒருநாளும் எடுத்திருக்க மாட்டான். அவ்விதியின்படி பார்த்தால், இரு நூற்றாண்டாக இம்மலைகளில் உழைத்தும் ஒரு பேர்ச்சஸ் காணிக்கும் உறுதி பெறாத நம் தந்தையரும் தாயரும் எவ்வாரியத்திலும் இடம்பெறார். பெண்களுக்கோ எவ்வகையிலும் இடமில்லை. தோட்ட வாரியம் என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம் இந்நினைவு எனக்கு எழுவதுண்டு.

இது பழங்கதை எனத் தள்ளிவிடுவதற்கில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளர் நாற்காலியிலும் அமரலாம், தம் லயத்து வாசலில் ஒரு வாய்க்கால் கட்டுவதற்கு மட்டும் சபைப் பணத்தை எடுத்தல் இயலாது. குடத்தில் ஓலையை இட்டுவிட்டு ஏரியை வேறொருவனுக்கு எழுதிவைத்தது போன்ற ஏற்பாடு இது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியிலே தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின்னர், 2025 மே மாதத் தேர்தல் வரை ஈராண்டுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட சபைகளே இருக்கவில்லை. ஆகவே திறந்த கதவு திறந்தபடியே கிடக்க, உள்ளே புகுந்தோர் சிலரே.

அதே சட்டத்தில் நம்மவர் பெரிதும் கவனியாத இன்னொரு பிரிவும் உண்டு. வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், சுற்றாடலும் வசதிகளும் போன்ற துறைகளுக்குக் குழுக்களை நியமிக்கும்போது, சபை உறுப்பினரோடு உறுப்பினரல்லாத குடியிருப்பாளரையும் சேர்த்துக்கொள்ள அது இடமளிக்கின்றது. ஏழு பேர்ச்சஸ் காணித் திட்டம் எழுவதற்குப் பல்லாண்டு முன்னரே இவ்விதி இருந்தது. அத்தகைய குழுவிலே கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி அமர்ந்திருப்பதை நான் இன்னும் கண்டதில்லை.

கேரளத்தார் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்கு வரை உள்ளூர் மன்றங்களுக்கு ஒதுக்கி, கிராம சபைகளைக் கூட்டி எது முதலில் வேண்டும் என்று கேட்டனர். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் முதல் நகரத் தெருக்களிலும் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கெல்லாம் யாவும் குறைவின்றி நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. கேட்பதற்கென ஒரு நாளும் ஓரிடமும் சட்டப்படி குறிக்கப்பட்டுள்ளன. எமக்கு அதுவும் இல்லை.

இப்போது இதனை அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த பெருமழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைகள் மீண்டும் சரிந்தன. இனிப் புதிய இடங்கள் தேடப்படும். புதிய ஊர்கள் கட்டப்படும். மண்ணின் உறுதியைச் சோதிக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குரியது. அதில் ஊரார் தலையிடுதல் அறிவீனம். ஆயினும், உறுதியான நிலம் இதுவென அவர்கள் காட்டிய பின்னர், அதில் வீடுகள் எப்பக்கம் நோக்கும், பிள்ளைக் காம்பரா எவ்வளவு தூரம், பாதை எத்துணை அகலம் என்பவற்றை அங்கே வாழப்போகிறவர் சொல்லல் வேண்டும். அதுவும் அடிக்கல் நாட்டுமுன் சொல்லல் வேண்டும். அடிக்கல்லுக்குப் பின் கேட்கும் கருத்து, சமையல் முடிந்தபின் பந்தியிற் பசியறிவது போன்றது.

கேட்கும் முறையிலும் ஒரு சொல். காலை பத்து மணிக்குக் காரியாலயத்தில் வைத்த கூட்டத்துக்குக் கொழுந்து மலையில் நிற்பவள் எப்படி வருவாள்? அரைநாட் பேர் போய்விடுமே. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். இல்லையேற் போயா நாள். இடம் கோயில் முன்றிலாகவோ பாடசாலையாகவோ இருத்தல் நலம். தாளில் உள்ளதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டுதல் வேண்டும். ஆண்கள் பேசி முடித்த பின்னர்ப் பெண்களைத் தனியே இருத்திக் கேட்டால், விளக்கு எங்கே வேண்டும் என்பது அப்போதுதான் வெளிவரும்.

நம் பழைய மாணவரிற் சபை உறுப்பினர் உளர். கிராம உத்தியோகத்தர் உளர். தோட்டக் காரியாலயங்களிற் பணிபுரிவோரும் கடைத்தெருவில் வணிகம் செய்வோரும் உளர். விழாவுக்கு மேடை அமைக்க இவர்கள் ஒரே வாரத்திற் கூடினர். ஆதலின் முதற் கூட்டத்தை வேறெவரும் அழைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி மண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகவே கிடக்கின்றது. பத்தாந்தர மாணவரின் அக்கட்டுரைகள் முப்பத்தாறும் என் அலுமாரியில் உள்ளன, திருத்தி முடித்துவிட்டேன், வேண்டுவோர் வந்து வாசிக்கலாம்.