வாட்டம் சரியா?

பெங்களூருக்குக் காவிரி ஏறித்தான் வருகிறது. சுமார் 100 கி.மீ. தொலைவில் தொரெகாடனஹள்ளியில் தொடங்கி, மூன்று கட்டங்களாகப் பம்ப் செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள். அதே தண்ணீர் கழிவாக வீட்டைவிட்டு வெளியேறும்போது பம்ப் எதுவும் உதவுவதில்லை. குழாயின் சரிவுதான் அதை நகர்த்துகிறது. கொத்தனார்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், வாட்டம்.

வாட்டம் குறைந்தால் தண்ணீர் போய்விடும், திடக்கழிவு தங்கிவிடும். கூடினாலும் தொல்லைதான். குழாய் அளவுக்கு மீறி இறங்கி உத்தரத்தில் முட்டும், அல்லது தெருச் சாக்கடையின் மட்டத்துக்கும் கீழே போய்விடும். 100 மி.மீ. குழாய்க்கு 57க்கு 1, 150 மி.மீ. குழாய்க்கு 100க்கு 1 என்பது இந்தியாவில் பழகிய கணக்கு. அதாவது, 18 மீட்டர் ஓடும் 100 மி.மீ. குழாய் முடிவில் சுமார் 32 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். ஏ.சி. குழல்களும் மின்கம்பிகளும் நெருக்கியடிக்கும் பொய்க்கூரைக்கு மேலே இந்த 32 செ.மீ.க்கு இடம் பிடிப்பது லேசான காரியமல்ல.

கட்டடத்தைக் கம்ப்யூட்டரிலேயே முப்பரிமாணத்தில் கட்டிப் பார்க்கும் 'பிம்' முறை இங்கேதான் கைகொடுக்கிறது. பெங்களூரின் வடிவமைப்பு அலுவலகங்கள் பலவற்றில் இது அன்றாட வேலை. மாதிரியில் உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் விட்டம், நீளம், இரு முனைகளின் அடிமட்டம் எல்லாம் பதிவாகியிருக்கும். மட்ட வித்தியாசத்தை நீளத்தால் வகுத்தால் சரிவு கிடைத்துவிடும். விதிக்குப் பொருந்தாத குழாய்களைச் சிவப்பில் காட்டச் சொன்னால் காட்டிவிடும்.

ஆனால் சிவப்பு இல்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. சரிவின் எண் சரியாக இருந்து, திசை தலைகீழாக இருக்கலாம். தனித்தனியே தேர்ச்சி பெற்ற இரண்டு குழாய்களில், அடுத்தது முந்தையதன் முடிவைவிட உயரத்தில் தொடங்கலாம். எனவே கழிப்பறையிலிருந்து தெரு ஆள்நுழைகுழி வரை முழுப் பாதையிலும் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. அதற்குப் பின்னும், கான்கிரீட் போடும் முன், பள்ளத்தை மூடும் முன், களத்தில் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் விட்டால் மாதிரி வெறும் படம்தான்.

இதை வெறும் கணக்கு விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. அடைத்துக்கொண்ட குழாயைக் கடைசியில் யாரோ ஒருவர் திறந்தாக வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என 2014இல் நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை மூன்று மடங்காக்க வேண்டி வந்ததே நிலைமையைச் சொல்லிவிடும்.

அடைப்புக்கு வாட்டம் மட்டுமே காரணமல்ல. துணியும் பிளாஸ்டிக்கும் போதும். ஆனால் வடிவமைப்பவர் கையில் இருப்பது வாட்டம்தான். திரையில் அதைத் திருத்த ஆகும் செலவு சில நிமிடங்கள். அங்கே விட்டுவிட்டால், அதன் விலையைக் குழிக்குள் இறங்குபவர் கொடுக்க வேண்டியிருக்கும்.