அயல்நாட்டு வாழ்வும் அண்டைப் பள்ளியும்

பொருள் தேடியோ பணி மேற்கொண்டோ பிறநாட்டிற் குடிபுகுந்த பெற்றோர், தம் மக்களை அந்நாட்டார் பயிலும் பள்ளியிற் சேர்ப்பதா, தம்மவர்க்கென அமைந்த தனிப்பள்ளியிற் சேர்ப்பதா என்னும் வினா, நம் கல்லூரியிற் பயின்று கடல் கடந்து சென்ற பழைய மாணவர் பலர் இல்லங்களில் இன்று எழுந்து நிற்கின்றது. அவ்வூர்ப் பள்ளியே தக்கது என்பது எம் கருத்து. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரை வரை சென்றாற் போதும்.

அங்கே ஒல்லாந்தர் 1613-ல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1825-ல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விட்டு நீங்கினர். இடையிற் சில்லாண்டுகள் கழித்தாலும் ஏழெட்டுத் தலைமுறைக் காலம். அவருட் பலர்க்கு மக்கள் இங்கேயே பிறந்தனர். ஆயினும், இன்று எஞ்சி நிற்பவை இடிந்த கோட்டையும், ஒல்லாந்த மொழியெழுத்துப் பொறித்த கல்லறைகளுமே. ஆபிரகாம் ரோகேரியுசு என்னும் குரு, பதுமநாபன் என்னும் அந்தணரிடம் இந்நாட்டுச் சமய வழக்கங்களைக் கேட்டறிந்து எழுதிய நூல் 1651-ல் லெய்டன் நகரில் அச்சேறிற்று. பர்த்ருஹரியின் செய்யுட்களும் அதனுள் மொழிபெயர்ந்து நின்றன. அரிய பணியே! எனினும், அவ்விருவரும் உரையாடியது தமிழிலன்று, போர்த்துக்கேய மொழியில். கற்றறிந்தார் நிலையே இதுவாயின் கோட்டைக்குள் வளர்ந்த சிறாரைப் பற்றி யாது கூறுவது? இத்துணைக் காலத்து உறவில் நம் மொழி பெற்றது ‘துட்டு’ என்னும் சொல்லும், அவையில் உரைக்கத் தகாத மற்றொரு சொல்லுமே என்று எம் விடுதித் தோழர் நகையாடுவதுண்டு.

கோட்டைக்கு வெளியே கற்கத்தக்கன பல இருந்தன. ஏரியில் இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடுக என்று குப்பத்தார் தமக்குள் முறைவைத்து வகுத்துக்கொள்வர். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஒருவர் பங்கை ஒருவர் கவராது, நல்ல துறையும் தீய துறையும் யாவர்க்கும் மாறி மாறி வர வகுத்த நீதி இது. இச்சொல்லின் முழுப்பொருளை அகராதி கற்பியாது. மடவையும் இறாலும் வரும் காலம் அறிந்த மீனவச் சிறுவனோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்றவனே அறிவான்.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது வேறு. 1706-ல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, சிறு பிள்ளைகளோடு தாமும் கீழே அமர்ந்து மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றனர். ஒன்பது ஆண்டுக்குள் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவ்வூரிலேயே 1762-ல் ஒரு குருவின் மகனாய்ப் பிறந்த யோகான் காஸ்பர் கோலாப், சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, 1787-ல் குருப்பட்டம் பெற்று, 1844-ல் தாம் இறக்குமளவும் தஞ்சைத் தமிழரோடு அவர் மொழியிலேயே வாழ்ந்தனர். இவரை அயலார் என்று கூற எமக்கு நா எழவில்லை.

மக்களைத் தாய்நாட்டுப் பள்ளிக்கு அனுப்பியோர் கொடுத்த விலையையும் எண்ணுக. தொழுநோயாளர்க்குக் கை சீர்செய்யும் மருத்துவத்தால் வேலூரிற் புகழ்பெற்ற பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையிற் பிறந்தவர். ஒன்பதாம் வயதில், 1923-ல், கல்விக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார். தந்தையார் 1929-ல் கொல்லிமலையிற் காய்ச்சலால் இறந்தனர். மகன் அவர் முகத்தை மீண்டும் கண்டிலர். இத்தகைய பிரிவை நீக்கவே கோடைக்கானலில் மிஷனெரிமார் மக்கட்கென 1901-ல் ஒரு பள்ளி எழுந்தது. பெற்றோர்க்கு அணிமை கிடைத்தது. ஊரார்க்கு அணிமை கிடைத்ததோ என்பது வேறு வினா.

எம் கூற்றை மறுப்போர் இரண்டு கூறுவர். தாய்மொழி அழியும் என்பது ஒன்று. 1983-க்குப் பின் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் குடிபுகுந்த ஈழத்தமிழர், மக்களை அந்நாட்டுப் பள்ளிகளில் விடுத்து, வார இறுதியில் தாமே தமிழ்ப்பள்ளி நடத்துகின்றனர். எளிதன்று, விளையாடும் நாளில் இலக்கணம் கற்க எப்பிள்ளை விரும்பும்? ஆயினும் நடைபெறுகின்றது. மொழியறியாப் பிள்ளை முதலாண்டு முழுதும் ஊமைபோல் அமர்ந்து கண்ணீர் விடும் என்பது மற்றொன்று. இஃது உண்மை. ஆறு வயதுப் பிள்ளை அதனைக் கடந்துவிடும்; இறுதித் தேர்வை நெருங்கிய பதினைந்து வயதுப் பிள்ளையை அவ்வாறு தள்ளுதல் கொடுமை. சில்லாண்டில் ஊர் திரும்புவோர் நிலையும், வளைகுடா நாடுகளில் இந்தியப் பள்ளியை நாடுவோர் நிலையும் வேறு. அவரை யாம் குறைகூறோம்.

எம்மை உண்மையில் நாணச் செய்வது பிறிதொன்று. இன்று சென்னையைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிற் பணிபுரியக் கொரிய நாட்டுக் குடும்பங்கள் பல வந்து வாழ்கின்றன. அவருள் ஒருவரை நோக்கி, “ஐயா, நும் மகனை எம் ஊர்ப் பள்ளியில், எம் தமிழிற் பயில விடுக” என்று யாம் வேண்டுவோமாயின், “நும் மக்கள் அங்குப் பயில்கின்றனரோ?” என்று அவர் வினவுவரன்றோ? தமிழ்வழிப் பள்ளியின் வாயிலைக் கடந்துசென்று, ஆங்கிலப் பள்ளியின் வாயிலிற் காத்து நிற்கும் நகரத்தார் அதற்கு யாது விடை கூறுவர்? பழவேற்காட்டுக் குப்பத்தார் வேண்டுமாயின் தலைநிமிர்ந்து விடை கூறலாம்.