மைனஸ் 40 டிகிரியில் 700 கி.மீ.: ஓடுவது கஷ்டமா, நிறுத்துவது கஷ்டமா?

கணினித் திரையில் ஒரு வரைபடம். அதில் சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் பனிக்காட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். ஒரு புள்ளி மட்டும் சில மணி நேரமாக நகரவில்லை. அந்த மனிதர் ஸ்லீப்பிங் பேக்குக்குள் நிம்மதியாகத் தூங்குகிறாரா, உயிருக்குப் போராடுகிறாரா? திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2018 பிப்ரவரியில் கனடாவின் யூகான் பகுதியில் நடந்தது இதுதான். இரவு நேரம் என்பதால், அவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் அவர் இழுத்துச் சென்ற சறுக்கு வண்டி மட்டும் நின்றது. ஆள் இல்லை. ஹெலிகாப்டர் தேடிக் கண்டுபிடித்தபோது, அந்த இத்தாலிய வீரர் காலணியும் கையுறையும் இல்லாமல் பனியில் இருந்தார். உயிர் பிழைத்தார். ஆனால், பனியில் உறைந்த உறுப்புகளை அறுவை சிகிச்சை செய்து அகற்ற வேண்டி வந்தது.

அனுபவம் உள்ள ஒரு வீரர், அந்தக் குளிரில் காலணியை ஏன் கழற்றினார்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் துருவப் பகுதி ஓட்டங்களின் மொத்த ரகசியமும் இருக்கிறது.

என்ன போட்டி இது?

பெயர் 'யூகான் ஆர்க்டிக் அல்ட்ரா'. 2003-ல் தொடங்கியது. பிப்ரவரி மாதத்தில் நடக்கும். பல ஆண்டுகள் மாரத்தான், 100 மைல், 300 மைல் எனப் பிரிவுகள் இருந்தன. சில ஆண்டுகளில் 430 மைல் பிரிவும் நடந்தது. அதாவது, கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். அதை முடிக்க 13 நாள் அவகாசம். ஓடலாம், சைக்கிளில் போகலாம், பனிச்சறுக்கிலும் போகலாம்.

பல ஆண்டுகளாக இந்தப் போட்டி, ஒயிட்ஹார்ஸ் நகரிலிருந்து டாசன் சிட்டி நோக்கிச் செல்லும் பனித்தடத்தில் நடந்தது. 'யூகான் குவெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாய்வண்டிப் பந்தயத்துக்காகப் போடப்பட்ட தடம் அது. உறைந்த ஆறுகள், ஏரிகள், காடுகள் வழியாகப் போகும். ஒரு சோதனைச் சாவடியிலிருந்து அடுத்த சாவடிக்குப் போக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். நடுவில் கடை கிடையாது, வீடு கிடையாது, பெரும்பாலும் செல்போன் சிக்னலும் கிடையாது.

அன்டார்க்டிகாதானே அதிகக் குளிர்?

துருவ ஓட்டம் என்றதும் அன்டார்க்டிகாதான் நினைவுக்கு வரும். அங்கேயும் பல நாள் ஓட்டம் உண்டு. 'தி லாஸ்ட் டெசர்ட்' என்ற 250 கி.மீ. போட்டிக்கு, அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து கப்பலில் அழைத்துப் போகிறார்கள். ரப்பர் படகில் கரை இறங்கி, குறிக்கப்பட்ட வட்டப் பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றி ஓட வேண்டும். சுற்றுச்சூழல் விதிகளின்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. வானிலை மோசமானால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டியதுதான். இரவுத் தூக்கமும் கப்பலில்தான்.

யூகான் போட்டி இதற்கு நேர் எதிர். ஒயிட்ஹார்ஸ் நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குள்கூட இல்லை. சுமார் 60.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆனாலும், குளிரில் அன்டார்க்டிகக் கடலோரத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்தக் கடலோரத் தீவுகளில் கோடைத் தொடக்கத்தில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியோ, அதற்குச் சில டிகிரி கீழேயோதான் இருக்கும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ள யூகானில் பிப்ரவரியில் மைனஸ் 40 சகஜம். அங்குள்ள ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று மைனஸ் 63 டிகிரி பதிவானது. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரே மைனஸ் 18 டிகிரிதான்!

அன்டார்க்டிகாவில் ஓடுபவருக்குத் திரும்பிப் போக ஒரு கப்பல் இருக்கிறது. யூகானில் ஓடுபவருக்கு அவர் இழுத்துப் போகும் வண்டிதான் கப்பல்.

அந்த வண்டியில் என்ன இருக்கும்?

இடுப்பில் பெல்ட் கட்டி, பின்னால் ஒரு சிறிய சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, எரிபொருள், உணவு, மாற்று உடை எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

அடுப்பையே எடுத்துக்கொள்வோம். மலையேறுபவர்கள் வழக்கமாகக் கொண்டு போகும் சின்ன கேஸ் கேன் இங்கே உதவாது. அதில் இருக்கும் பியூட்டேன், மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே வாயுவாக மாறாது. திரவமாகவே கிடக்கும். அதனால், பம்ப் அடித்துப் பற்றவைக்கும் திரவ எரிபொருள் அடுப்பைத்தான் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். அடுப்பு எரியாவிட்டால் பனியை உருக்க முடியாது. பனியை உருக்காவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பார்கள். ஏன்? பனிக்கட்டி மேலிருந்து கீழாக உருவாகும். தலைகீழாக வைத்தால் மூடி இருக்கும் பக்கம் உறையாமல் தப்பிக்கும். சாக்லேட்டை முன்கூட்டியே சின்னத் துண்டுகளாக்கி வைக்க வேண்டும். முழுதாகக் கடித்தால் பல் போய்விடும். பேட்டரிகள் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு நாளில் சுமார் 15 மணி நேரம் இருட்டு. ஹெட்லைட் அணைந்தால் அவ்வளவுதான்.

ஏன் மெதுவாக ஓடுகிறார்கள்?

இங்கே குளிரைவிட முதல் எதிரி வியர்வை. வேகமாக ஓடினால் உடம்பு சூடாகும், வியர்க்கும், உள்ளாடை நனையும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஓடும்வரை தெரியாது. நின்ற சில நிமிடங்களில் நனைந்த துணி உடம்பின் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

அதனால், 'கொஞ்சம் குளிர்கிறதே' என்ற நிலையிலேயே ஓடுவதுதான் சரியான உத்தி. மேடு வருவதற்கு முன்பே ஒரு ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். நிற்பதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இரவில் தூங்கும்போதும் இதே பிரச்சினைதான். உடம்பிலிருந்து வரும் ஈரம் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சுக்குள் போய் உறையும். நாளாக நாளாகப் பை கனக்கும், கதகதப்பு குறையும். அதைத் தடுக்க உள்ளே ஈரம் புகாத உறை ஒன்றைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

வலி நின்றால் நல்லதுதானே?

இல்லை, அதுதான் ஆபத்தின் முதல் மணி. குளிர் கூடும்போது இதயம், மூளை போன்ற உறுப்புகளைக் காப்பாற்ற, விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடல் குறைத்துவிடுகிறது. முதலில் வலிக்கும். பிறகு மரத்துப்போகும். 'அப்பாடா, வலி போய்விட்டது' என்று நினைக்கும்போதுதான் திசுக்கள் உறையத் தொடங்கியிருக்கும். இதுதான் ஃப்ராஸ்ட்பைட் எனப்படும் பனிக்கடி. காற்றின் வேகத்தையும் சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 40-ஐத் தாண்டினால், மூடப்படாத தோல் 5 முதல் 10 நிமிடங்களில் உறைந்துவிடலாம்.

இன்னொரு சிக்கல், உறைந்த விரலை வழியில் சூடாக்கிவிட்டு, மீண்டும் குளிரில் உறையவிட்டால் சேதம் பல மடங்காகும். அதனால், திரும்பவும் உறையாது என்ற உறுதி இருந்தால்தான் சூடாக்க வேண்டும். பனியை வைத்துத் தேய்ப்பது பழைய நம்பிக்கை. அது தோலைக் கிழிக்கும். மருத்துவமனையில் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் மூழ்கவைத்துதான் உறைவை நீக்குகிறார்கள்.

அப்படியானால், காலணியை ஏன் கழற்றினார்?

பனிக்கடி விரலைத் தாக்கும். ஹைப்போதெர்மியா மூளையைத் தாக்கும். உடலின் உள்வெப்பம் 37-லிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே யோசிக்கும் திறன் மங்கத் தொடங்கும். பேச்சு குழறும், முடிவு தடுமாறும். இன்னும் இறங்கினால் நடுக்கம்கூட நின்றுபோகும். அந்தக் கட்டத்தில் சிலருக்கு உடம்பு கொதிப்பதுபோலத் தோன்றும். உடையைக் கழற்றிப் போடுவார்கள். குளிரில் இறந்தவர்கள் சிலரின் உடல்கள் உடையில்லாமல் கிடைப்பதற்கு மருத்துவம் சொல்லும் விளக்கம் இதுதான்.

அந்த வீரருக்கும் அவசர உதவிக்கான சாதனம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால், அது வண்டியோடு நின்றுவிட்டது. ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாமே வண்டியில்தான் இருந்தன. அவர் மட்டும் விலகி நடந்துவிட்டார். அதாவது, பொத்தானை அழுத்த வேண்டிய நேரத்தில், அதை அழுத்தச் சொல்ல வேண்டிய மூளை வேலை செய்யவில்லை.

செயற்கைக்கோள் கருவிகளின் எல்லையும் இதுதான். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும். எப்படி இருக்கிறார் என்று சொல்லாது.

யார் நிறுத்த வேண்டும்?

அந்த ஆண்டு 300 மைல் பிரிவை முடித்தவர் ஒரே ஒருவர்தான். போட்டியையே நிறுத்தியிருக்க வேண்டாமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. எதிர்வாதமும் உண்டு. குளிரைத் தேடி, பணம் கட்டி, தெரிந்தே வருபவர்கள் பெரியவர்கள். அவர்கள் உயிருக்கு அவர்கள்தானே பொறுப்பு?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஆபத்தில் சிக்கியவரை மீட்கப் போகிறவர்களும் அதே குளிரில்தான் போகிறார்கள். ஸ்னோமொபைலில் போகும் தன்னார்வலருக்கும் விரல்கள் பத்துதான். இரண்டு, 'அவரே முடிவு செய்யட்டும்' என்பது முடிவு செய்யும் திறன் இருக்கும்வரைதான் பொருந்தும். இந்தப் போட்டியில் முதலில் பறிபோவதே அந்தத் திறன்தான்.

ஆகவே, முடிவை மூளை தெளிவாக இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும். 'விரல் மரத்து இத்தனை நிமிடத்தில் உணர்வு திரும்பாவிட்டால் நிற்பேன்' என்று புறப்படும் முன்பே எழுதிவைப்பது ஒரு வழி. சாவடியில் கை, கால் விரல்களைக் காட்டச் சொல்லிச் சோதிப்பதும், வீரர் மறுத்தாலும் வெளியேற்றும் அதிகாரத்தை மருத்துவக் குழுவுக்குத் தருவதும் இன்னொரு வழி. புள்ளி நகராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும், குளிருக்கு ஏற்ப முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

சிகிச்சையில் முன்னேற்றம் உண்டா?

உண்டு. ஐலோபிராஸ்ட் என்ற மருந்து ரத்தக் குழாய்களை விரிவாக்கும். 2011-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், கடுமையான பனிக்கடிக்கு இந்த மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்ட 16 பேரில் ஒருவருக்கும் விரலை அகற்றும் ஆபத்து தென்படவில்லை. இது தரப்படாத 15 பேரில் 9 பேருக்கு அந்த ஆபத்து இருந்தது. 2016-ல் ஒயிட்ஹார்ஸ் மருத்துவர்கள், தங்கள் நோயாளிகள் இருவருக்கு இதைக் கொடுத்த அனுபவத்தைக் கனடிய மருத்துவ இதழில் எழுதினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்டிஏ, கடுமையான பனிக்கடிக்கான முதல் மருந்தாக இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

ஆனால், மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. விரல் பனிக்காட்டில் இருக்கிறது. நடுவில் இருக்கும் மணி நேரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

பூமி சூடாகிறதே, போட்டி சுலபமாகுமா?

நேர் மாறாகவும் நடக்கலாம். டாசன் சிட்டி அருகே யூகான் ஆறு குளிர்காலத்தில் உறைந்து, மக்கள் வாகனத்தில் கடக்கும் பனிப்பாலமாக மாறுவது வழக்கம். 2016-17, 2017-18 குளிர்காலங்களில் அங்கே ஆறு முழுமையாக உறையவில்லை. பனிக்கு மேல் தண்ணீர் பொங்கி ஓடும் 'ஓவர்ஃப்ளோ'வும் உண்டு. மேலே பனித்தூள் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மைனஸ் 30-ல் அதில் கால் வைத்து நனைந்தால், உடனே நின்று காலுறை மாற்ற வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓடினால் கால் போகும்.

உறையாத ஆறும் மைனஸ் 45 குளிரும் ஒரே ஆண்டில் வரக்கூடும் என்பதுதான் 2018 சொன்ன செய்தி. அந்தப் பிப்ரவரியில் இரண்டுமே இருந்தன.

பொதுவாக ஓட்டப் பந்தயங்களில் 'விட்டுக்கொடுக்காதவர்' என்பதுதான் பெரிய பாராட்டு. பனிக்காட்டில் அந்தக் கணக்கு செல்லாது. ஈரக் காலுறையை மாற்ற நின்றவர், விரல் மரத்ததும் சாவடியில் உட்கார்ந்துவிட்டவர், 'போதும்' என்று பொத்தானை அழுத்தியவர் ஆகியோரின் பெயர்கள் முடிவுப் பட்டியலில் இருக்காது. ஆனால், அடுத்த பிப்ரவரியில் காலணிக் கயிற்றைத் தன் விரல்களாலேயே கட்டிக்கொண்டு, மீண்டும் தொடக்கக் கோட்டில் வந்து நிற்க முடிவது பெரும்பாலும் அவர்களால்தான்.