மோட்டார் பகுதி: இரண்டு சாட்சிகள்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுபட்டு, எஞ்சினுக்குள் காற்றுப் புகும் வழியைத் திறந்த காலம் ஒன்று இருந்தது. இக்காலத்து வண்டிகளில் அந்தக் கம்பி இல்லை. மிதி எவ்வளவு இறங்கிற்று என்பதை ஸென்ஸார்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கின்றன. கம்ப்யூட்டரின் ஆணைப்படி ஒரு சிறு மின் மோட்டார் திராட்டில் தகட்டைத் திருப்புகிறது.

மிதியில் இரண்டு ஸென்ஸார்கள், திராட்டிலில் இரண்டு. இவை இரட்டைச் சாட்சிகள். சாட்சியம் முரண்பட்டால் கம்ப்யூட்டர் விளக்கை ஏற்றி, எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிடும். வண்டி ஊர்ந்து செல்வது அதனால்தான். அது பழுதன்று, பாதுகாப்பு.

இத்தகைய வண்டியைக் கண்டதும் திராட்டில் பாகம் முழுவதையும் மாற்றச் சொல்வோர் பலர். நேயர்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் குறியெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பி 2135 என்றால் பெரும்பாலும் திராட்டிலின் இரு ஸென்ஸார்களுக்குள் முரண்பாடு. பி 2138 என்றால் மிதியின் ஸென்ஸார்களுக்குள். ஆனால் குறியெண் வழக்கு நடக்கும் இடத்தைத்தான் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது.

அடுத்தபடி பாட்டரியின் வலுவையும், இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு உண்டா, ஒயர் எங்கேனும் உரசித் தேய்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகே மீட்டர். ஸென்ஸாருக்கு வரும் மின்சாரம் சுமார் 5 வோல்ட் இருத்தல் வேண்டும். பல வண்டிகளில் திராட்டிலின் ஒரு ஸென்ஸார் ஏற, மற்றொன்று இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 5 வோல்ட். மிதியிலோ பெரும்பாலும் ஒன்று மற்றதில் பாதி காட்டும். மெதுவாக நகர்த்துகையில் முள் திடீரெனத் துள்ளினால் அந்த ஸென்ஸார் அல்லது அதன் இணைப்பே சந்தேகத்துக்குரியது. சரியான அளவுக்கு அந்தந்த வண்டியின் கைந்நூலே பிரமாணம்.

தகட்டில் கரி படிந்திருந்தால் துடைத்தாலே போதும். சாவியை அணைக்காமல் விரலை மட்டும் உள்ளே விடலாகாது. மோட்டார் விரலை நசுக்கிவிடும். துடைத்த பின்னர் தகட்டின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மீண்டும் பழக்கிக் கொடுக்கவும் வேண்டியிருக்கலாம்.

மின்சாரத்தின் மீதே பழி போடுவதும் தகாது. டொயோட்டா வண்டிகள் தாமே வேகமெடுத்ததாக எழுந்த புகார்களை ஆராய்ந்த அமெரிக்காவின் நாஸா, அத்தகைய பெருவேகத்துக்கு மின்னணுக் கோளாறு காரணமென்று காணவில்லை என 2011-ல் அறிக்கை வெளியாயிற்று. சிக்கிக்கொள்ளும் மிதியும், அதனை அமுக்கும் தரைவிரிப்புமே அறியப்பட்ட காரணங்கள். ஆகவே இன்றே உங்கள் வண்டியின் விரிப்பைச் சரிபாருங்கள்.

வண்டி எப்போதேனும் தானே பாய்ந்தால் பிரேக்கை விடாமல் உறுதியாக அழுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரங்கட்டி நிறுத்திய பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். இதை வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.