சந்தையின் மௌனம் தீர்ப்பாகுமா?

தரமான படைப்பு எவ்வாறாயினும் தனக்குரிய இடத்தைப் பெற்றே தீரும், பெறாதது தகுதியற்றது என்னும் கூற்று, கலை பற்றிய உரையாடல்களில் அடிக்கடி எழுப்பப்படுவதொன்றாகும். நியாயம் போலத் தோன்றும் இக்கூற்று, உண்மையில் வணிகனின் கணக்கேட்டைத் திறனாய்வின் ஆசனத்தில் அமர்த்துகின்றது. இதன் பொய்ம்மையை உணர, அமெரிக்க றொக் இசைக்குழுவொன்றின் இரண்டாவது இசைத்தட்டின் வரலாறு ஒன்றே போதுமானது.

மெம்பிஸ் நகரில் 1971இல் உருவான 'பிக் ஸ்ரார்' குழு, தான் ஒலிப்பதிவு செய்த கலையகத்தின் அருகிலிருந்த பலசரக்குக் கடையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 1972இல் வெளிவந்த அதன் முதலாவது இசைத்தட்டு விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது; ஆயின், கடைகளில் அதனைக் காண்பது அரிதாயிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிறிஸ் பெல் குழுவை விட்டு விலகினார். எஞ்சிய அலெக்ஸ் சில்ரன், அன்டி ஹம்மல், ஜொடி ஸ்ரீவன்ஸ் ஆகிய மூவரும் உருவாக்கி 1974 பெப்ரவரியில் வெளியிட்டதே 'றேடியோ சிற்றி'.

பன்னிரண்டு பாடல்களைக் கொண்ட இத்தட்டு முதலாவதன் மெருகைக் கைவிட்டது. பீற்றில்ஸ் மரபின் இனிய மெட்டுக்களை அது பேணியபோதிலும், கிற்றாரின் கூரிய ஒலியையும் தாளத்தின் தள்ளாட்டத்தையும் மறைக்க முயலவில்லை. மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் 'செப்ரெம்பர் கேள்ஸ்' என்னும் பாடலில் களிப்பும் ஏக்கமும் ஒரே மெட்டில் இயங்குகின்றன. பின்னாளில் 'மாற்று றொக்' என வழங்கப்பட்ட இசையின் முன்னோடிகளுள் ஒன்றாக இத்தட்டைக் கொள்வது மிகையன்று.

எனினும், வெளிவந்த காலத்தில் ஏறத்தாழ 20,000 பிரதிகளே விற்பனையாகின. காரணம் யாது? இக்குழுவின் தட்டுகளை வெளியிட்டு வந்த ஸ்ராக்ஸ் நிறுவனம், 1972இல் விநியோகப் பொறுப்பைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. இவ்விரு நிறுவனங்களுக்குமிடையே முரண்பாடு முற்றவே, தட்டுகள் கடைகளைச் சென்றடையவில்லை. கடையின் பெயரைத் தாங்கிய குழுவுக்குக் கடைத்தட்டிலே இடம் கிடைக்கவில்லை!

இரசிகர்கள் விரும்பவில்லை என்போர் ஒன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். இதே சில்ரன் தமது பதினாறாவது வயதில் 'பொக்ஸ் ரொப்ஸ்' குழுவுக்காகப் பாடிய பாடல் 1967இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது. பாடகன் சந்தைக்குப் புதியவனல்லன். பண்டமே சந்தையை எட்டவில்லை. கேட்கப்படாததை நிராகரிக்கப்பட்டதாகக் கூறுவது எவ்வகைத் தருக்கம்?

இனி, 'காலம் நீதி வழங்கும்' என ஆறுதல் கூறுவோரும் உளர். 1978இல் இங்கிலாந்தில் முதலிரு தட்டுகளும் மீள வெளியிடப்பட்டன. 1986இல் பாங்கிள்ஸ் குழு 'செப்ரெம்பர் கேள்ஸ்' பாடலைத் தம் தட்டிற் சேர்த்தது. 1987இல் றீபிளேஸ்மென்ற்ஸ் குழு சில்ரனின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலை வெளியிட்டது. இவற்றைச் செய்தது காலமன்று. பெயர் குறிப்பிடத்தக்க மனிதர்கள். அவர்கள் செய்யாதிருப்பின் காலம் வாளாவிருந்திருக்கும். மேலும், இந்நீதி யாருக்குக் கிட்டியது? பெல் 1978 டிசெம்பரில், இருபத்தேழு வயதில், வீதி விபத்தில் மாண்டார். சில்ரன் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் உணவகத்திற் பாத்திரம் கழுவிப் பிழைத்தார்.

மறுபுறத்தே, தோல்வியையே தூய்மையின் சான்றாகக் கொண்டாடும் ஒரு கூட்டமும் உண்டு. விற்பனையாகாதவை யாவும் சிறந்தவை எனக் கூறுவது முன்னைய தவற்றையே தலைகீழாக்கிக் கூறுவதாகும். அக்குழுவினர் புறக்கணிப்பை வேண்டி நின்றவரல்லர். தம் முதலாவது தட்டுக்கே 'முதலாம் இலக்க இசைத்தட்டு' எனப் பெயர் சூட்டியவர்கள். அவர்கள் விரும்பியது செவிகளை, வறுமையை அன்று.

ஆகவே, படைப்பொன்றை எத்தனை பேர் விரும்பினர் என வினவுமுன், அது எத்தனை பேரைச் சென்றடைந்தது, அதற்கான வழி யார் கையிலிருந்தது என வினவுதல் திறனாய்வாளனின் கடமையாகும். 'றேடியோ சிற்றி' தப்பிப் பிழைத்தது. அதனால் அதனைப் பற்றி வாதிட முடிகின்றது. தப்பாதவற்றின் பெயரைத்தானும் நாம் அறியோம். அவற்றின் மௌனத்தைத் தீர்ப்பென ஏற்போர், வணிகனின் தவற்றுக்குத் தாமும் கையொப்பமிடுகின்றனர்.