அயல்நாட்டு வர்த்தகமும் பண்பாடும்: கற்பிக்க வேண்டிய முறை குறித்து எங்கள் நிலைப்பாடு

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம் ஆகிய ஊர்களில் கடை நடத்துவோரும், காய்கறியும் எலுமிச்சையும் பயிரிடுவோரும், கல்லூரிகளில் வணிகவியல் போதிப்போருமாகக் கூடி அமைத்த எங்கள் சங்கம், இவ்வட்டாரத்தில் சில காலமாக விவாதிக்கப்பட்டு வரும் ஒரு கேள்வியைக் குறித்துத் தன் அபிப்பிராயத்தைத் தெளிவாக வெளியிடுவது கடமை என்று கருதி இந்த அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்கிறது. பிற தேசங்களோடு வியாபாரம் செய்யவோ, அங்கே சென்று உத்தியோகம் பார்க்கவோ விரும்பும் நம் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் அந்தந்தத் தேசத்தின் வர்த்தகச் சூழலையும் பண்பாட்டையும் கல்லூரியிலேயே கற்பிப்பது அவசியமா, அவசியமானால் எந்த முறையில் கற்பிப்பது என்பதே அக்கேள்வி.

எங்கள் நிலைப்பாடு

கற்பிப்பது அவசியம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆனால் உலகம் முழுவதையும் ஒரே பாடப்புத்தகத்தில் சுருக்கிக் கொடுப்பதால் பயன் விளையாது. ஒரு மாணவர் ஒரு பிரதேசத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் மொழி, சட்டம், பஞ்சாங்கம், கொடுக்கல் வாங்கல் வழக்கம் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கே வாழ்ந்து தொழில் செய்தவர்களின் துணையோடு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் பயில வேண்டும். வர்த்தகத்தை ஒரு தாளிலும் பண்பாட்டை இன்னொரு தாளிலும் பிரித்து வைத்துப் பரீட்சை நடத்தும் முறையை நாங்கள் ஏற்கவில்லை. ஏனெனில் ஒரு ஜனசமூகத்தின் பண்பாடு அதன் திருவிழாவில் எவ்வளவு வெளிப்படுகிறதோ அவ்வளவு அதன் கடன் தவணையிலும் விலைபேசும் முறையிலும் வெளிப்படுகிறது.

காரணங்கள்

இந்த முடிவுக்கு எங்களை முதலில் கொண்டுவந்தது எங்கள் சந்தை அனுபவம். திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னதாகவே, 1904-இல், மலையைக் குடைந்து செங்கோட்டையைக் கொல்லத்தோடு பிணைத்த ரயில் பாதை ஓடத் தொடங்கிவிட்டது. ஆகையால் மலைக்கு மேற்கேயுள்ள மக்களின் தேவையை அறிந்து சரக்கு அனுப்புவது எங்கள் முன்னோர்க்குப் பரம்பரை வித்தையாகவே அமைந்தது. பாவூர்சத்திரம் சந்தையில் ஓணத்துக்கு முந்தைய நாட்களில் நின்று பார்ப்பவர்க்கு அந்த வித்தையின் நுட்பம் விளங்கும். அத்தம் தொடங்கித் திருவோணம் வரையிலான பத்து நாட்களும் வாசலில் பூக்கோலம் இடப்படுவதால் பூவுக்குப் பத்து நாளும் கிராக்கி உண்டு. காய்கறிக்கோ, விருந்துக்கு வேண்டியவற்றை வீட்டுக்கு வீடு ஓடி வாங்கும் உத்திராட நாளே உச்சம். அந்த நாளைத் தவறவிட்டுத் திருவோணத்தன்று லாரி கொண்டுபோய் நிறுத்துகிறவர், தம் சேனையையும் பூசணியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்புவார். விஷுவுக்குக் கேட்கப்படும் கணிவெள்ளரியோ முதலில் கண்ணுக்கு விருந்தாக வேண்டிய பண்டம். விடியற்காலையில் கண்விழித்தவுடன் கொன்றைப்பூவோடு காணப்பட வேண்டிய மங்கலப் பொருளாதலால், தோலில் கீறல் இல்லாமல், பொன்னிறம் மாறாமல் அதைத் தனியே தரம் பிரிக்கத் தெரிந்தவருக்கே நல்ல விலை கிடைக்கிறது. இந்த ஞானத்தை வர்த்தகம் என்பதா, பண்பாடு என்பதா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

சட்ட அறிவின் அவசியத்தையும் அதே சந்தை எங்களுக்கு உணர்த்தியது. 2015-இல் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரள அரசு ஆட்சேபம் எழுப்பியபோது, வயலில் தெளிக்கும் மருந்துக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கும் அடுப்படிக்கும் உள்ள சம்பந்தத்தை விவசாயிகள் பலரும் முதன்முறையாக ஆழ்ந்து யோசித்தார்கள். அண்டை மாநிலத்தின் கட்டுப்பாடே இப்படியென்றால், தனி அளவு நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்திருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சரக்கு அனுப்ப நினைப்பவர் எவ்வளவு முன்னதாகவே விழிப்போடு இருக்க வேண்டும்! அறுவடைக்குப் பிறகு அந்த விதியைப் படிப்பதால் பயனில்லை. விதை ஊன்றும்போதே அது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், பொதுப்படையான அறிவினால் விளையும் தீங்கு. வளைகுடா நாடுகள் என்று ஒரே சொல்லால் நாம் குறிக்கும் தேசங்களுக்குள்ளேயே வார விடுமுறை வேறுபடுகிறது. சவூதி அரேபியா 2013 முதல் வெள்ளியையும் சனியையும் விடுமுறையாகக் கொண்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டாட்சி அரசு அலுவலகங்களோ 2022 ஜனவரி முதல் வெள்ளி நண்பகலோடு வேலையை முடித்து, சனியும் ஞாயிறும் ஓய்வு கொள்கின்றன. ரமலான் மாதத்தில் வேலை நேரம் குறையும் என்பதும், ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் அந்த மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னதாக வரும் என்பதும் தெரியாதவர், சரக்கு சேரும் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் தவிப்பார். அது போலவே, அரபியர் இப்படி, ஜப்பானியர் அப்படி என்று ஒற்றை வரியில் மனிதர்களைத் தீர்த்துக்கட்டும் பட்டியல்களையும் நாங்கள் நிராகரிக்கிறோம். அவை அறிவின் வேஷத்தில் வரும் அவமதிப்பு. தென்காசிக்காரருக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் இடையே எத்தனை பேதம் உண்டென்று அறிந்த நாம், பிற தேசத்தாரை மட்டும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகக் கருதுவது நியாயமன்று.

மூன்றாவது காரணம், எங்கள் மண்ணின் சரித்திரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்து மலைச்சாரலில் ஜாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்களின் தோட்டங்களை அமைத்தார்கள். பின்னர் ராபர்ட் வைட் என்ற தாவர சாஸ்திரியார் இங்கே வந்து செடிகொடிகளைச் சேகரித்து, குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றி 1836-இல் எழுதி வெளியிட்டார். ஆதிக்கம் செலுத்த வந்தவர்களின் நோக்கத்தை நாம் ஒருபோதும் ஏற்க இயலாது. ஆயினும், ஒரு பிரதேசத்தோடு வர்த்தகம் செய்ய விரும்பியவர்கள் அதன் மண்ணையும் மழையையும் எவ்வளவு சிரத்தையோடு ஆராய்ந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அந்தச் சிரத்தையை, சமத்துவமும் மரியாதையும் கலந்த நோக்கத்தோடு, நாம் பிற தேசங்களின்பால் செலுத்த வேண்டும்.

எங்கள் வட்டாரத்தார் இதைச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குச் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. ஆண்கள் தனியே சென்று பணம் அனுப்பும் வழக்கமே மிகுந்திருந்த காலத்தில் இவர்கள் மனைவி மக்களோடு சென்றார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்று வீட்டு வருமானத்தைப் பெருக்கினார்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கலந்து வாழ்ந்த ஊரில் அரைத்த மசாலாவை விற்பதென்றால், எந்த வீட்டில் எந்தக் குழம்புக்கு எந்தக் காரம் வேண்டும் என்பதை அறியாமல் முடியுமா? கல்லூரி எதிலும் கற்பிக்கப்படாத அந்தப் படிப்பை அம்மிக்கு முன்னால் அமர்ந்து அவர்கள் கற்றார்கள். அவர்களுடைய ஊரின் பெயரை ஏற்று கடையநல்லூர்த் தெரு என்றே ஒரு வீதி இன்றும் சிங்கப்பூரில் இருக்கிறது. மத்தளம்பாறையில் இயங்கிவரும் ஸோஹோ நிறுவனம், 2011-இல் இப்பகுதியில் சிறிய அலுவலகமாகத் தொடங்கி, பல தேசங்களில் வழங்கும் மென்பொருள்களை இங்கிருந்தபடியே உருவாக்கி வருவது, அதே ஆற்றல் இக்காலத்தில் எடுத்திருக்கும் வேறொரு வடிவம். முகம் காணாத வாடிக்கையாளரின் அலுவலக வழக்கத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் அந்த வேலையைச் செய்ய இயலாது.

ஆட்சேபங்களும் எங்கள் சமாதானமும்

ஆங்கிலமும் கணிப்பொறியின் மொழிபெயர்ப்பும் இருக்கையில் அயல்மொழி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கடிதத்தின் பொருளை இயந்திரம் சொல்லும். அக்கடிதத்துக்கு ஏன் மூன்று வாரமாகப் பதில் இல்லை என்பதை அது சொல்லாது. ஜப்பானியக் கம்பெனிகள் பலவற்றில் ஒரு யோசனை பல அதிகாரிகளின் கைகளில் சுற்றி ஒப்புதல் பெற்ற பின்னரே முடிவாகிறது என்பதை அறிந்தவர் பொறுமையோடு காத்திருப்பார். அறியாதவர் விலையைக் குறைத்து எழுதி நஷ்டத்தைத் தாமே வரவழைத்துக்கொள்வார். ஜப்பானிய மொழித் தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறுகிறது. அதன் ஐந்து படிகளில் முதல் இரண்டையாவது நம் மாணவர் ஏறிவிட்டால், அவருக்குத் திறக்கும் கதவுகள் பல.

அயல்நாட்டுப் பண்பாட்டைக் கற்றால் சொந்தப் பண்பாடு தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்களுக்கும் சிங்கப்பூர்க் கடையநல்லூராரே விடை தருகிறார்கள். அவர்கள் 1941-இல் தோற்றுவித்த சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரால் 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அப்பெயர் இன்று அந்நாட்டின் தமிழ்மொழி நிலையத்துக்கு உரியதாக விளங்குகிறது. பிற சமூகத்தாரோடு நெருங்கிப் பழகிப் பிழைத்தவர்களே தாய்மொழிக்கு இந்தத் தொண்டைச் செய்தார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஏழை மாணவர்க்கு வெளிநாட்டுப் பிரயாணம் எட்டாக்கனி என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. அதனால்தான் நாங்கள் பிரயாணத்தைக் கடைசிப் படியாக வைக்கிறோம். முதல் களம் புனலூரும் கொல்லமும். ரயிலில் போய் மாலையில் திரும்பலாம். இரண்டாவது களம், துபாயிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உழைத்துத் திரும்பி நம் தெருக்களிலேயே வசிக்கும் பெரியவர்கள்.

நாங்கள் கோருவதும் ஏற்பதும்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், இவ்வட்டாரக் கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்க்குப் பிரதேசப் படிப்பு ஒன்றை விருப்பப் பாடமாக வகுத்து, மொழித் தேர்வையும் அதன் அங்கமாக்க வேண்டும். 1964 முதல் குற்றாலத்தில் பெண்கல்விக்குத் தொண்டாற்றிவரும் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்கள் இதில் முன்னிற்க வேண்டுமென்பது எங்கள் விருப்பம்.

அயல்நாட்டில் தொழில் செய்து திரும்பியோர், பட்டம் இல்லையென்ற காரணத்தால் ஒதுக்கப்படாமல், ஊதியத்தோடு கௌரவ ஆசிரியர்களாக நியமிக்கப்பட வேண்டும். எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது, கடவுச்சீட்டை ஏன் பிறரிடம் கொடுக்கக் கூடாது, எல்.சி. என்று வியாபாரிகள் சொல்லும் வங்கிக் கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழையால் பணம் எப்படி நின்றுபோகும் என்பவற்றை அனுபவசாலிகளே பிறர் மனத்தில் பதிய வைக்க முடியும்.

கல்விச் சுற்றுலா என்ற பெயரில் நகரத்துக்கு ஒரு நாளாகக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வரும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். செல்கிற மாணவர் ஒரே ஊரில் தங்கி, ஒரே பண்டத்தின் வரத்தையும் விலையையும் விற்பனையையும் ஆராய்ந்து, திரும்பியதும் தம் அறிக்கையைத் தமிழில் எழுதி ஊரார் முன்னிலையில் படிக்க வேண்டும்.

தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, 2019 நவம்பரில் உருவான எங்கள் மாவட்டத்தின் கல்லூரிகளுக்குத் தன் அதிகாரிகளை ஆண்டுதோறும் அனுப்பி, பயணம் புறப்படுவோர்க்குச் சட்டபூர்வமான வழிகளை விளக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, சங்கத்து வியாபாரிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களையும் ஏற்றுமதிப் பத்திரங்களையும் மாணவர்க்குத் திறந்து காட்டுவார்கள். ஓணத்துக்கும் விஷுவுக்கும் முன் சந்தையில் அவர்களைத் தம் அருகில் அமர்த்திக்கொள்வார்கள். வசதியற்ற மாணவரின் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் பகிர்ந்துகொள்வார்கள். பிற தேசத்தாரிடம் பொருள் விற்க விரும்புகிற நாம் அவர்களை அறிந்துகொள்ளச் செலவிடும் காலமும் பணமும் வீண் செலவாகா; அவை வியாபாரத்தின் முதலீட்டிலேயே சேர்ந்தவை என்பதை ஏற்றுக்கொண்டு, இவ்வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியரும் அரசும் இந்த முயற்சியில் எங்களோடு இணையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.